கட்டி இழுக்கிற குட்டி பேக்ஹோ: என்ன பண்ணுதுன்னு பாத்து எங்க கை வெக்கணும்

எனக்கு ஊர் திருச்செங்கோடு. தெருவுக்கு ரெண்டு போர்வெல் வண்டி நிக்கிற ஊர்ல பொறந்துட்டு, ஹைட்ராலிக்னா என்னன்னே தெரியாம நார்த் கரோலினாவுக்கு வந்து கம்ப்யூட்டர் தட்டிக்கிட்டு இருந்தவன். ராலேவுக்கு மேற்கால சாத்தம் கவுண்ட்டியில நாலு ஏக்கர் செம்மண்ணோட ஒரு பழைய வீடு வாங்கினோம், மழை பேஞ்சா வீட்டைச் சுத்தி குளம், சரி வாய்க்கால் வெட்டி பைப் போட்டுடலாம்னு விசாரிச்சா ஆள் வெச்சு செய்ய ஆகுற காசுல பாதிக்கு பேக்ஹோங்கிற இந்த மண் தோண்டுற மிஷினே செகண்ட்ஹேண்டுல கெடச்சுது. 9 ஹெச்பி பெட்ரோல் இன்ஜின், ஒரு கியர் பம்ப், ஆறு லீவர், ரெண்டு டயர். ட்ரக் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போகலாம். சொந்தமா ஓடாது, பூம்ங்கிற நீளக் கையை மண்ணுல ஊணி தன்னைத்தானே தள்ளிக்கிட்டு நண்டு மாதிரி நகரும்.

ஆறு வருசத்துல இதுல கெட்டுப்போகாத சாமான் இல்ல. பாதி தானா கெட்டது, மீதி நான் மாடிஃபை பண்றேன்னு கெடுத்தது. ஊர்ல முப்பது வருசம் போர்வெல் ரிக் மெக்கானிக்கா இருந்த மாமா ஒருத்தர் வாட்ஸ்அப் வீடியோல பாத்துப் பாத்து சொல்லித்தான் இது இன்னும் ஓடுது. ஒவ்வொரு தடவையும் நடக்கிறது ஒண்ணுதான், கோளாறு பத்து டாலர் சாமான்ல இருக்கும், என் கண்ணு மட்டும் எரநூறு டாலர் பம்ப் மேலயே இருக்கும். அதனால கீழ எல்லாத்தையும் காசு கம்மியான காரணத்துல ஆரம்பிச்சு எழுதியிருக்கேன், அதே வரிசையில போங்க, தாண்டிப் போகாதீங்க.

## கை வெக்கிறதுக்கு முன்னாடி

பக்கெட்டை தரையில உக்கார வெச்சு, இன்ஜினை ஆஃப் பண்ணி, எல்லா லீவரையும் ரெண்டு பக்கமும் மூணு தடவ ஆட்டுங்க. உள்ள நிக்கிற பிரஷர் போகணும். அப்புறம்தான் ஸ்பேனர்.

ஹோஸ்ல ஊசி முனை அளவு ஓட்டைன்னா எங்க வருதுன்னு விரல் வெச்சுத் தேடாதீங்க. 2,000 பிஎஸ்ஐ பிரஷர்ல வர எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய பாத்தா முள்ளு குத்தின மாதிரிதான் இருக்கும், வலிகூட மொதல்ல பெருசா இருக்காது, ஆனா உள்ள சதை அழுக ஆரம்பிச்சிடும். அப்படி ஆச்சுன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாம அப்பவே எமர்ஜென்சி போய் "ஹைட்ராலிக் எண்ணெய் உள்ள ஏறிடுச்சு"ன்னு தெளிவா சொல்லணும், வெறும் காயம்னு சொன்னா பேண்டேஜ் போட்டு அனுப்பிடுவாங்க. லீக் தேடறதுக்கு ஒரு அட்டைப்பெட்டித் துண்டை நீட்டிப் பாருங்க, அட்டை நனையுற எடம்தான் ஓட்டை.

ரெண்டு சாமான் வாங்கி வெச்சுக்கங்க. ஒண்ணு, 0-லருந்து 5,000 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டுற, உள்ள கிளிசரின் ஊத்தின பிரஷர் கேஜ், கூட மூணு வாய் வெச்ச ஒரு டீ (T) ஃபிட்டிங். பம்புக்கும் வால்வுக்கும் நடுவுல போட்டு அப்படியே விட்டுடுங்க. ரெண்டாவது ஒரு நோட்டு. மிஷின் நல்லா இருக்கிறப்பவே, பூம் கீழருந்து மேல போக எத்தனை செகண்ட், பக்கெட் சுருட்ட எத்தனை செகண்ட்னு ஃபோன்ல டைம் பாத்து எழுதி வைங்க. "முன்ன இப்படி இல்லையே"ங்கிறது நெனப்பு, 7 செகண்ட் இப்ப 12 செகண்டுன்னா அதுதான் ஆதாரம்.

## இன்ஜின் ஓடுது, ஆனா எதுவுமே அசையல

மொதல்ல டேங்க்ல எண்ணெய் இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, ரிட்டர்ன் ஹோஸ் கழண்டு எண்ணெய் பூரா புல்லுல போனது தெரியாம நான் கார்புரேட்டரைக் கழட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

### எண்ணெய் இருக்கு

இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவுல ரெண்டு பல்லு வெச்ச கப்ளிங், அதுக்கு நடுவுல நட்சத்திரம் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். மேல இருக்கிற பாதுகாப்பு மூடியைக் கழட்டி, ஸ்பார்க் பிளக் வயரைப் புடுங்கிட்டு, ஸ்டார்ட் பண்ற கயித்தை மெதுவா இழுத்துப் பாருங்க. இன்ஜின் ஷாஃப்ட் சுத்தி பம்ப் ஷாஃப்ட் சும்மா நின்னா ரப்பர் தேஞ்சு போச்சு, இல்ல கப்ளிங்கை ஷாஃப்ட்டோட புடிக்கிற கீ வெட்டிக்கிச்சு, இல்ல செட் ஸ்க்ரூ லூஸ். மூணுமே சில்லறைக் காசு. செட் ஸ்க்ரூ திரும்பப் போடும்போது த்ரெட் லாக் தடவிப் போடுங்க, இந்த ஒத்தை சிலிண்டர் இன்ஜின் அதிர்ற அதிர்ச்சிக்கு எதுவும் நிக்காது.

### கப்ளிங் நல்லா இருக்கு, பம்பும் சுத்துது

ஹைட்ராலிக் ஃபில்டர் மாத்தறப்ப எண்ணெய் கொட்டாம இருக்கட்டும்னு யாராவது டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவுல பால் வால்வு போட்டிருந்தா அது தொறந்திருக்கான்னு பாருங்க. அந்த யாரோ நான்தான். ஃபில்டர் மாத்திட்டு வால்வைத் தொறக்க மறந்து ஸ்டார்ட் பண்ணிட்டேன், கீச்னு ஒரு சத்தம், என்னடா சத்தம்னு நான் சுத்தி வந்து பாக்கறதுக்குள்ள பம்ப் காலி. காஞ்ச பம்புக்கு ஒரு நிமிசம்கூட அதிகம். இப்ப அந்தக் கைப்பிடியைக் கழட்டி, தொறந்த நெலையிலயே கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்கேன். மாமாகிட்ட சொன்னதுக்கு, "ஏன் மாப்ள, பத்து ரூவா எண்ணெய் மிச்சம் புடிக்க பத்தாயிரம் ரூவா பம்பக் கொன்னுட்டியே"ன்னார்.

### இன்ஜின் மாத்தினதுக்கு அப்புறம்தான் இப்படி

கியர் பம்ப் பெரும்பாலும் ஒரு பக்கம் சுத்தத்தான் பண்ணியிருப்பான். பம்ப் உக்காந்திருக்கிற பக்கம் மாறினாலோ, நடுவுல பெல்ட்டு கியர்னு எதையாவது போட்டாலோ சுத்துற தெசை மாறிடும். தலைகீழா சுத்தினா எண்ணெய் வராது, அதுக்கும் மேல ஷாஃப்ட் சீல் பிச்சுக்கிட்டு வெளிய வந்துரும். பம்ப் மேல அம்புக்குறி இருக்கும், பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

இதெல்லாம் சரியா இருந்து கேஜ் முள்ளு எந்திரிக்கவே இல்லன்னாதான் பம்ப் போச்சுன்னு அர்த்தம்.

## எல்லாமே மெதுவா, சத்தில்லாம இருக்கு

இங்கதான் எல்லாரும் காசை விடறாங்க, நானும் விட்டேன், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

மொதக் கேள்வி, எல்லா லீவருமே அப்படியா, ஒண்ணு மட்டுமா? ஒண்ணு மட்டும்னா பம்பைத் தொடவே தொடாதீங்க, அது அந்த சிலிண்டர், அந்த ஹோஸ், இல்ல வால்வுக்குள்ள அந்த லீவர் நகத்துற ஸ்பூல் கம்பி. கீழ "தானா இறங்குது" பகுதிக்குப் போயிடுங்க.

எல்லாமேன்னா, இன்ஜின் முழு வேகத்துல ஓடுதான்னு பாருங்க. இந்த மாதிரி இன்ஜினுக்கு மேல்வேகம் 3,600 ஆர்பிஎம் பக்கம். த்ராட்டில் கேபிள் தளர்ந்து முக்கால்ல நின்னுச்சுன்னா பம்பும் முக்கால்தான் தள்ளும்.

### காலையில மெதுவா, சூடானா சரியாகுது

எண்ணெய் கெட்டி. இங்க ஜனவரி காலையில 25, 30 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், 46 கிரேடு எண்ணெய் அந்தக் குளிர்ல பம்புக்குள்ள இழுக்கவே வராது. நான் அதைவிட எளகின 32 கிரேடுக்கு மாறிட்டேன். பத்து நிமிசம் ஐடிலிங்ல ஓட விட்டு, அப்புறம் சும்மா ரெண்டு தடவ ஆட்டி, அதுக்கப்புறம் வேலை.

### காலையில நல்லா இருக்கு, ஒரு மணி நேரத்துல சோர்ந்துடுது

இது கொஞ்சம் மோசம். சூட்டுல எண்ணெய் தண்ணியாகி, தேஞ்ச எடத்துல எல்லாம் உள்ளுக்குள்ளயே வழியுதுன்னு அர்த்தம். ஆனா அதுக்கு முன்னாடி ஏன் அவ்ளோ சூடாகுதுன்னு பாருங்க. டேங்க் மேல கை வெச்சு ஒரு செகண்ட்கூட நிக்க முடியலன்னா அதிகம், 180 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா எண்ணெயும் போகும் சீலும் போகும். குட்டி மிஷின்ல டேங்க் சின்னது, அதுல சிலிண்டர் முட்டுன பிறகும் லீவரை விடாம புடிச்சுக்கிட்டே இருந்தா எண்ணெய் பூரா, பிரஷர் அளவு மீறினா தொறந்து விடுற ரிலீஃப் வால்வு வழியா பீச்சியடிச்சு அடுப்பு மாதிரி சூடாகும். கைப்பழக்கத்தை மாத்துங்க, காசு செலவில்ல. அப்பவும் சூடுன்னா ரிட்டர்ன் லைன்ல ஒரு சின்ன ஆயில் கூலரும் ஃபேனும். நான் பண்ணின மாடிஃபிகேஷன்ல உருப்படியானது அது ஒண்ணுதான்னு நெனைக்கிறேன்.

### எப்பவுமே மெதுவா

இப்ப கேஜ். பக்கெட்டை முழுசா சுருட்டி, முட்டுன பிறகு ரெண்டு மூணு செகண்ட் மட்டும் லீவரைப் புடிச்சு முள்ளு எங்க நிக்குதுன்னு பாருங்க, இன்ஜின் எறங்குற சத்தம் கேக்குதான்னும் காது குடுங்க. மிஷின்ல போட்டிருக்கிற அளவு, என்னுதுல 2,500, அங்க நின்னா பிரஷர் சரி, பிரச்சினை ஃப்ளோல, அதாவது எண்ணெய் வர அளவுல இருக்கு. 1,500-ல நின்னு இன்ஜினும் அலட்டிக்காம ஓடுச்சுன்னா ஒண்ணு ரிலீஃப் எறங்கியிருக்கு, இல்ல பம்ப் தேஞ்சிருக்கு.

ரிலீஃபைக் கழட்டிப் பாத்தா பல தடவ ஸ்பிரிங்குக்குக் கீழ ஒரு அரிசி அளவு குப்பை மாட்டியிருக்கும். தொடச்சுப் போடுங்க. அப்பவும் கம்மின்னா லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை கால் சுத்து, கேஜ் பாரு, இன்னொரு கால் சுத்து, கேஜ் பாரு. கேஜ் இல்லாம ரிலீஃபைத் திருகாதீங்க, அடி வரைக்கும் திருகிட்டா பிரஷர் போக வழியில்லாம ஹோஸோ பம்ப் மூடியோ எது வீக்கோ அது வெடிக்கும். ரெண்டரை இன்ச் சிலிண்டர்ல 500 பிஎஸ்ஐ கொறைஞ்சா கிட்டத்தட்ட 2,450 பவுண்டு தள்ளு சக்தி போச்சு, அதனால இந்த அளவு சரியா இருக்கிறது முக்கியம்தான், ஆனா கம்பெனி அளவுக்கு மேல போகாதீங்க.

பிரஷர் சரி, ஆனா மெதுவாங்கிறது எனக்கு நடந்துச்சு. நான் நேரா புது பம்ப் வாங்கிப் போட்டேன். அப்படியேதான் இருந்துச்சு. ரெண்டு வாரம் மண்டை காஞ்சு கடைசியில மாமா, "சக்ஷன் ஹோஸை மிஷின் ஓடறப்ப அமுக்கிப் பாத்தியா"ன்னு கேட்டார். இல்லீங்க மாமான்னு, டேங்க்லருந்து பம்புக்கு எண்ணெய் போற அதைப் போய் பாத்தா, வெளிய பாக்க கும்முன்னு இருக்கிற ஹோஸ், ஆனா கை வெச்சா பதமா அமுங்குது. கழட்டி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு உள்ள பாத்தேன், உள் ரப்பர் தனியா பிரிஞ்சு உதடு மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கு, பம்ப் இழுக்க இழுக்க அது வாயை மூடிக்கிது. எவனோ சாதா பெட்ரோல் ஹோஸைப் போட்டு வித்திருக்கான். சக்ஷனுக்கு உள்ள கம்பிச்சுருள் வெச்ச ஹோஸ்தான் போடணும். 14 டாலர். பழைய பம்ப் இன்னும் நல்லபடியா ஷெட்ல இருக்கு, என் வீட்டம்மா அப்பப்போ அதைக் காட்டி நலம் விசாரிப்பாங்க.

அப்போ வரிசை இது: டேங்க் உள்ள இருக்கிற ஸ்ட்ரெய்னர் சல்லடை அடைப்பு, சக்ஷன் ஹோஸ், ரிட்டர்ன் ஃபில்டர், ரிலீஃப், அதுக்கப்புறம்தான் பம்ப்.

## பம்ப் ஊளையிடுது, எண்ணெய் நொரைக்குது

டேங்க் மூடியைத் தொறந்து எண்ணெயைப் பாருங்க. பீர் மாதிரி நொரைன்னா காத்து இழுக்குது. பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி.

காத்துன்னா சக்ஷன் பக்க ஜாயிண்ட்தான், அங்க பிரஷர் இல்லாததால எண்ணெய் வெளிய வராது, காத்து உள்ள போகும், அதனால காஞ்சு சுத்தமா இருக்கிற ஜாயிண்ட்டைத்தான் சந்தேகப்படணும். ஓடறப்ப ஒவ்வொரு கிளாம்ப் மேலயும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்க, எங்க விட்டதும் சத்தம் மாறுதோ அங்கதான். ரிட்டர்ன் பைப் எண்ணெய் மட்டத்துக்கு மேல இருந்து அருவி மாதிரி கொட்டினாலும் நொரைக்கும், பைப்பை நீட்டி எண்ணெய்க்குள்ள முங்க விடுங்க.

தண்ணின்னா மழையில மூடாம போட்டிருக்கீங்க. எண்ணெய் பூரா மாத்தணும், வேற வழியில்ல.

நொரையும் இல்ல பாலும் இல்ல, ஆனா ஊளைன்னா எண்ணெய் போதுமான அளவு பம்புக்கு வரல, மேல சொன்ன ஸ்ட்ரெய்னர், சக்ஷன் ஹோஸ். எண்ணெய்ல பித்தளைத் தூள் மாதிரி மினுக்குதுன்னா உடனே நிறுத்துங்க, பம்ப் தன்னைத்தானே தின்னுக்கிட்டு இருக்கு, அந்தத் தூள் வால்வுக்குப் போனா செலவு ரெண்டு பங்கு.

## லோடு வந்ததும் இன்ஜின் படுத்துக்குது

ஏர் ஃபில்டர், பிளக், பழைய பெட்ரோல். இங்க பம்ப்ல விக்கிறது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது, ரெண்டு மூணு மாசம் டேங்க்ல நின்னாலே கார்புரேட்டர் ஜெட் அடைக்கும். சோக் பாதி இழுத்தாதான் ஓடுதுன்னா பெரும்பாலும் ஜெட் அடைப்புதான், கிளீனர் அடிச்சு மெல்லிசான ஒத்தைக் கம்பியால குத்தினா போதும்.

இருபது நிமிசம் ஓடி நின்னு, கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுதா? பெட்ரோல் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்க. ஓடுச்சுன்னா மூடியில காத்து ஓட்டை அடைச்சிருக்கு.

சரிவுல மட்டும் நிக்குதா? இன்ஜின் ஆயில் கொறைஞ்சா நிறுத்துற சென்சார் உள்ள இருக்கும், மிஷின் சாஞ்சா ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி அது ஏமாந்துக்கும். ஆயில் சரியான அளவுக்கு ஊத்தி, மிஷினைத் தாங்குற காலை ஏத்தி எறக்கி அதை மட்டமா நிறுத்துங்க. சென்சார் வயரைப் புடுங்கி விடுற ஆளுங்க இருக்காங்க, நான் செய்யல.

இன்னொண்ணு, வேகமா வேலை செய்யட்டும்னு பெரிய பம்ப் மாட்டினவங்களுக்கு. கணக்கு சிம்பிள்: ஜிபிஎம்மை (பம்ப் நிமிசத்துக்குத் தள்ளுற கேலன்) பிஎஸ்ஐ-யால பெருக்கி 1,714-ஆல வகுத்தா ஹெச்பி, அதை 0.85-ஆல வகுத்தா இன்ஜின் உண்மையா குடுக்க வேண்டியது. 4.5 ஜிபிஎம், 2,500 பிஎஸ்ஐ-ன்னா 7.7 ஹெச்பி, 9 ஹெச்பி இன்ஜின் தாங்கும். அதே 6 ஜிபிஎம் பம்ப் போட்டா 10.3 ஆகுது, எங்க போய் தாங்கும்? ரிலீஃபை 2,000-க்கு எறக்கினா 8.2-ல ஓடும், ஆனா தோண்டுற பலம் போச்சு. வேகமா பலமான்னு முடிவு பண்ணிக்கங்க, ரெண்டும் வேணும்னா பெரிய இன்ஜின். எங்க செம்மண்ணுக்கு நான் பலம்னு சொல்வேன்.

## தூக்கி வெச்ச பூம் தானா இறங்குது

கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பத்து நிமிசத்துல ரெண்டு இன்ச்னா நான் கண்டுக்க மாட்டேன். கண்ணு முன்னாடியே இறங்குதுன்னா பாக்கணும்.

### லீவரைத் தொட்டதும் ஒரு குலுக்கு கீழ போய்ட்டு அப்புறம்தான் மேல போகுது

சிலிண்டர் பாவம், அதைக் கழட்டாதீங்க. வால்வுல அந்த லீவருக்கு உள்ள எண்ணெய் திரும்பி ஓடாம தடுக்கிற ஒரு செக் பாப்பெட் இருக்கும், அதுல குப்பை. மேல ஒரு பிளக்கைக் கழட்டினா ஸ்பிரிங்கோட வரும், தொடச்சுப் போட்டா போதும்.

### சும்மா நிக்கறப்பவே இறங்குது

சிலிண்டர் சீலா, வால்வு ஸ்பூலான்னு கண்டுபிடிக்கணும். பூம்ம, சிலிண்டர் முழுசா நீண்டு முட்டுற மாதிரி கொண்டுபோய், அந்த நெலையில பூம்முக்குக் கீழ மரக்கட்டை அடுக்கி உக்கார வெச்சு சங்கிலியும் போட்டுட்டு, பிரஷரை விட்டுட்டு, ராடு பக்க ஹோஸைக் கழட்டி ஹோஸ் வாயை கேப் போட்டு மூடுங்க. சிலிண்டர் பக்கம் வாய் தொறந்து இருக்கட்டும், கீழ ஒரு டப்பா. ஒரு ஆள் ஸ்டார்ட் பண்ணி அதே நீட்டுற பக்கத்துக்கு மட்டும் லீவரை லேசா புடிக்கணும், நீங்க தள்ளி நில்லுங்க. நாலு சொட்டு வந்து நின்னா சீல் நல்லா இருக்கு, கோளாறு ஸ்பூல்ல. குழாய் மாதிரி வழிஞ்சுக்கிட்டே இருந்தா பிஸ்டன் சீல் போச்சு.

சீல் கிட் 20, 30 டாலர், வீட்லயே மாத்தலாம், வெந்நீர்ல போட்டு எடுத்தா சீல் எளகி உக்காரும். ஆனா குழாய் உள்ள நகம் மாட்டுற மாதிரி கோடு விழுந்திருந்தா புது சீல் மாசம் தாங்காது, சிலிண்டரை ஹைட்ராலிக் கடைக்குக் கொண்டுபோங்க. ஸ்பூல் தேஞ்சிருந்தா ரிப்பேர் கெடையாது, வால்வு முழுசா மாத்தணும், இல்ல கட்டை வெச்சு வாழப் பழகணும். நான் ரெண்டாவது கட்சி.

எறக்கவே முடியாத பூம் அடியில மட்டும் கையையோ தலையையோ விட்டுடாதீங்க.

## ஸ்விங் பேய் புடிச்ச மாதிரி ஆடுது

குட்டி மிஷின்ல எல்லா லீவருக்கும் ஒரே ஃப்ளோதான் வருது, பூம்ம பக்கவாட்டுல திருப்புற ஸ்விங் சிலிண்டரோ சின்னது, அதனால தொட்டா பறக்கும், நிறுத்தினா டமார்னு நிக்கும். ஸ்விங் ஹோஸ் ரெண்டுலயும் ஃப்ளோ கொறைக்கிற ரெஸ்ட்ரிக்டர் ஃபிட்டிங் போட்டா சாது ஆயிடும். ஏற்கனவே இருந்து திடீர்னு ஒரு பக்கம் மட்டும் வேகமாவோ மெதுவாவோ ஆனா அந்த ரெஸ்ட்ரிக்டர் கழண்டோ அடைச்சோ இருக்கு. ஸ்விங் பின்னுல ஆட்டம் இருந்தாலும் இதே குணம் காட்டும். டமார் டமார்னு அப்படியே ஓட்டினீங்கன்னா அடுத்து போறது ஸ்விங் போஸ்ட் வெல்டிங்.

## மண் வரல, மிஷின்தான் வருது

இது கோளாறே இல்ல, எடை பத்தல. ஆயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல இருக்கிற வண்டி, காஞ்ச செம்மண்ணுல பல்லை முழுசா ஊணி இழுத்தா வண்டிதான் சறுக்கும்.

காசில்லாத வழி: தோல் உரிக்கிற மாதிரி எடுங்க, ஒரு வீச்சுக்கு ரெண்டு மூணு இன்ச், பூம்முக்கும் பக்கெட்டுக்கும் நடுவுல இருக்கிற ஆர்ம்ம இழுத்துக்கிட்டே பக்கெட்டைச் சுருட்டணும், ரெண்டு லீவரும் சேந்து. மொத நாள் மண்ணை ஊற விட்டு மறுநாள் தோண்டினா பாதி வேலை. ரொம்ப ஊறினாலும் பக்கெட்ல களியா ஒட்டிக்கிட்டு கொட்டாது, அந்தப் பதம் பழகணும்.

அடுத்து, கால் தட்டுக்கு அடியில ரெண்டு இன்ச் பட்டைய நிக்க வெச்சு வெல்ட் பண்ணினேன், மண்ணுல நகம் ஊணின மாதிரி நிக்குது. 16 இன்ச் பக்கெட்டை 9 இன்ச்சா மாத்தினேன், அதே பலம் சின்ன எடத்துல விழறதால வேர்கூட அறுக்குது, பைப் போடற வாய்க்காலுக்கு அதுவே போதும். ட்ரக்லயே மாட்டி வெச்சுக்கிட்டு தோண்டாதீங்க, ட்ரக்ல இருக்கிற ஹிட்ச் பால் குண்டுக்கும் அது மேல மாட்டுற கப்ளருக்கும் அது நல்லதில்ல. நெறஞ்ச பக்கெட்டை ஒசத்தி பக்கவாட்டுல முழுசா வீசாதீங்க, கால் அகலம் கம்மி, கவுந்துரும்.

தோண்டுறதுக்கு முன்னாடி, மண்ணுக்கடியில போற லைனைக் குறிச்சுக் குடுக்கிற 811 நம்பருக்குக் கூப்பிட்டு சொல்லணும், காசு கெடையாது. செவப்பு கரண்ட், மஞ்சள் கேஸ், ஆரஞ்சு ஃபோன் கேபிள், நீலம் தண்ணி, பச்சை சாக்கடைன்னு வந்து பெயிண்ட் அடிச்சுட்டுப் போவாங்க. மீட்டருக்கு அப்புறம் வீட்டுக்காரன் போட்ட லைனை அவங்க குறிக்க மாட்டாங்க, என் பழைய வீட்டுக்காரர் ஷெட்டுக்குப் போட்ட கரண்ட் வயரை நான் பக்கெட்டாலதான் கண்டுபிடிச்சேன். பிரேக்கர் விழுந்துச்சு, ஆள் தப்பிச்சேன். ஆழமும் அப்படித்தான், வேலை எடத்துல 5 அடியோ அதுக்கு மேலயோ போனா பக்கச்சுவத்துக்கு முட்டுக் குடுக்கணும், இல்ல சரிச்சு வெட்டணும்னு இங்க சட்டம், நம்ம தோட்டத்துக்கு யாரும் வந்து கேக்க மாட்டாங்க, ஆனா நான் நாலடி தாண்டின குழியில எறங்கறதில்ல. அதுக்கு மேலன்னா ஆளைக் கூப்பிட்டுடுவேன்.

## ஃபிட்டிங்ல லீக், எவ்ளோ டைட் பண்ணாலும் நிக்கல

டைட் பண்றதை நிறுத்துங்க. என் மிஷின் சீனாவுல செஞ்சது, அதுல சில த்ரெட் பிஎஸ்பிங்கிற பிரிட்டிஷ் வகை. இங்க கடையில கெடைக்கிறது அமெரிக்க வகையான என்பிடி, ஜேஐசி. கொடுமை என்னன்னா அரை இன்ச்சும் முக்கால் இன்ச்சும் பிஎஸ்பி-லயும் என்பிடி-லயும் இன்ச்சுக்கு 14 மரைதான், அதனால ஒண்ணுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு சுத்து அழகா ஏறும், அப்புறம் இறுகும், நாமளும் சரியா உக்காந்துச்சுன்னு நெனைப்போம். மரையோட கோணம் வேற, ஒண்ணு 55 டிகிரி, இன்னொண்ணு 60. சாகற வரைக்கும் ஒழுகும். த்ரெட் கேஜ் வெச்சு அளந்து, அடாப்டர் வாங்கி, மிஷின் பூரா ஜேஐசி-க்கு மாத்திட்டேன்.

டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, நூல் நூலா பிஞ்சு போய் மேல சொன்ன அந்த செக் பாப்பெட்ல உக்காரும்.

ஹோஸே ஒழுகுதுன்னா மாத்தறது மட்டும்தான், கிளாம்ப் போட்டு கட்டற வேலை வேணாம். ஒத்தைக் கம்பி வலை ஹோஸ் அரை இன்ச்சுக்கு 2,300 பிஎஸ்ஐ கிட்டதான் தாங்கும், ரெட்டை வலை 4,000 வரைக்கும். பிரஷர் லைனுக்கு ரெட்டை வலை கேட்டு வாங்குங்க. பழைய ஹோஸைக் கையில எடுத்துட்டுப் போனா கடையில அதே அளவுக்கு அடிச்சுக் குடுப்பாங்க.

## பின்னுல ஆட்டம், வெல்டிங்ல விரிசல்

பின் தேஞ்சா பின் மாத்தலாம், ஓட்டை முட்டை வடிவம் ஆயிட்டா அதைத் திரும்ப வட்டமா கடையுற லைன் போரிங் பண்றவங்கதான் வேணும். அதுக்குப் போகாம இருக்க ஒவ்வொரு பின்னுலயும் ஓட்டை போட்டு கிரீஸ் நிப்பிள் வெச்சுடுங்க, என் மிஷின்ல பாதிக்கு இல்ல.

விரிசல் மேல அப்படியே வெல்ட் அடிச்சா பக்கத்துலயே அடுத்த விரிசல். கிரைண்டர்ல வி மாதிரி வெட்டி அடி வரைக்கும் எடுத்து, நிரப்பி, மேல வைர வடிவத்துல பட்டை வெச்சுக் கட்டணும். எர்த் கிளாம்ப்பை வெல்ட் அடிக்கிற துண்டுலயே பக்கத்துல மாட்டுங்க, எங்கயோ ஷாஸில மாட்டினா கரண்ட் பின்னு வழியாவும் சிலிண்டர் வழியாவும் போய் பொரிச்சுடும். பூம் அடி, ஸ்விங் போஸ்ட், ட்ரக்கோட மாட்ட முன்னாடி நீண்டிருக்கிற ஹிட்ச் டங், இந்த மூணு எடத்துல விரிசல்னா நான் தொடறதில்ல, சர்ட்டிஃபைடு வெல்டர்தான்.

## ரோட்டுல இழுக்கறப்ப வால் ஆட்டுது

மொதல்ல ஹிட்ச் பால் சைஸ். 2 இன்ச் கப்ளரை 1-7/8 பால் மேல மாட்டினாலும் மாட்டிக்கும், ஒரு மேடு வந்தா கழண்டுக்கும். பால் மேலயே நம்பர் அடிச்சிருக்கும், பாருங்க.

அடுத்து டங் எடை. மொத்த எடையில 10-லருந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல உக்காரணும், 1,100 பவுண்டு மிஷினுக்கு 110-லருந்து 165. டங் பாலுக்கு வர உயரத்துல கட்டை அடுக்கி, அதுக்கு அடியில பாத்ரூம் எடை மெஷினை வெச்சாலே தெரிஞ்சுடும். நான் கூலர், பெரிய டேங்க்னு எல்லாத்தையும் ஆக்ஸிலுக்குப் பின்னாடி போட்டு 60 பவுண்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், 40 மைல் வேகத்துல பாம்பு மாதிரி நெளிஞ்சுச்சு, ஆக்ஸிலை நாலு இன்ச் பின்னாடி தள்ளினப்புறம்தான் அடங்குச்சு. அந்த வேலையை வெல்டர்கிட்ட குடுத்துட்டேன்.

பூம் ஸ்விங் லாக் பின் போட்டு, மேல சங்கிலியும் கட்டுங்க. டயர் ஓரத்துல என்ஹெச்எஸ்னு இருந்தா ஹைவேக்கு ஆகாத டயர், மாத்தாம ஏறாதீங்க. கெளம்பி பத்து மைல்ல ஓரம் நிறுத்தி ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் கை வெக்க முடியாத சூடுன்னா பேரிங், அதோட வீட்டுக்கு இழுத்துட்டு வர நெனைக்காம அங்கயே மிஷினை மேல ஏத்திட்டுப் போற ஃப்ளாட்பெட் வண்டியைக் கூப்பிட்டுடுங்க.